'கிராண்ட்' என்றால் ஆடம்பரம் இல்லை: அயர்லாந்துப் பேச்சு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினில் வந்து இறங்கும் நம் ஆட்கள் முதல் மாதத்தில் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். செவிலியராக வந்தவர், கணினி வேலைக்கு வந்தவர், எம்எஸ் படிக்க வந்தவர் எல்லாரும் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான். ஆனால் பேருந்து ஓட்டுநர் ஒரு வாக்கியம் சொன்னால் முழிக்கிறார்கள். நானும் முழித்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய், இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தும் இவர்கள் பேசுவது ஏன் புரியவில்லை?

வேகம் ஒரு காரணம், உச்சரிப்பு இன்னொரு காரணம். இரண்டும் போகப்போகப் பழகிவிடும். உண்மையான சிக்கல் அடியில் இருக்கிறது. இந்த நாட்டுக்குச் சொந்தமாக ஐரிஷ் என்று ஒரு மொழி உண்டு. 1937 அரசியலமைப்புச் சட்டப்படி இன்றும் அதுதான் முதல் ஆட்சிமொழி. 19ஆம் நூற்றாண்டில் மக்களில் பெரும்பாலோர் அதை விட்டு இங்கிலீஷுக்கு மாறினார்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதில் அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி. மிஞ்சியவர்கள் பிழைப்புக்காக இங்கிலீஷ் கற்றுக்கொண்டார்கள். சொற்களை மாற்றினார்களே தவிர, வாக்கியத்தை அடுக்கும் பழக்கத்தைப் பல இடங்களில் மாற்றவில்லை. அந்தப் பேச்சைத்தான் நீங்கள் இப்போது பேருந்தில் கேட்கிறீர்கள்.

அதனால் ஒரு யோசனை. பள்ளியில் படித்த இங்கிலீஷை வைத்து இவர்கள் பேச்சை அளக்காதீர்கள். பாதி நேரம் தமிழை வைத்துப் பார்த்தாலே சட்டென்று பிடிபடும். வேடிக்கையாகச் சொல்லவில்லை, கீழே பாருங்கள்.

'ஐம் ஆஃப்டர் மிஸ்ஸிங் த பஸ்' என்றால் என்ன?

'இப்பத்தான் பஸ்ஸை விட்டேன்.' அவ்வளவுதான். 'ஆஃப்டர்' வந்தால், செயல் முடிந்து சூடு ஆறவில்லை என்று பொருள். 'ஷீ இஸ் ஆஃப்டர் ஃபாலிங்' என்று வார்டில் யாராவது கத்தினால், அவர் விழப்போவதாக நினைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஏற்கெனவே விழுந்துவிட்டார், ஓடுங்கள். ஐரிஷில் 'சாப்பிட்டதற்குப் பிறகு இருக்கிறேன்' என்கிற மாதிரி ஒரு அமைப்பு உண்டு. அதை அப்படியே இங்கிலீஷில் இறக்கிவிட்டார்கள். பெரும்பாலும் எதிர்பாராத செய்தியோ சின்ன விபத்தோ சொல்லத்தான் இது வரும்: கண்ணாடி உடைந்தது, சாவி தொலைந்தது.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: 'ஹி டஸ் பி ஹியர் எவ்ரி மார்னிங்'. கேட்டவுடன் இலக்கணப் பிழை என்று தோன்றும். பிழை இல்லை. ஐரிஷில் 'இப்போது இருக்கிறான்' என்பதற்கும் 'வழக்கமாக இருப்பான்' என்பதற்கும் வேறு வேறு வினைவடிவம். 'தினமும் காலையில் இங்கே இருப்பான்' என்று எதிர்கால வடிவத்தைப் போட்டு நாம் வழக்கத்தைச் சொல்வதில்லையா? அந்த வேலையைத்தான் 'டஸ் பி' செய்கிறது.

கேட்ட கேள்விக்கு 'யெஸ்', 'நோ' என்று ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

ஐரிஷ் மொழியில் அந்த இரண்டுக்கும் நேரான சொல்லே கிடையாது. கேள்வியில் உள்ள வினையைத் திருப்பிச் சொல்வதுதான் பதில். 'ஆர் யூ கமிங்?' 'ஐ ஆம்.' 'டிட் யூ லாக் இட்?' 'ஐ டிட்.' சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். பூட்டினாயா, பூட்டினேன். நம் வீட்டுப் பேச்சேதான். இங்கிலீஷ் படித்த பிறகுதான் நாம் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டக் கற்றுக்கொண்டோம்.

'வாட்ஸ் த கிராக்?' என்று கேட்டால் என்ன சொல்வது?

முதலில் பயப்படாதீர்கள். நம் ஊரில் கிராக்கு என்றால் மூளை கலங்கியவன். இங்கே கிராக் என்றால் அரட்டை, கலகலப்பு, சமாச்சாரம் எல்லாம் சேர்ந்த ஒன்று. 'என்ன விசேஷம்?' என்று கேட்கிறார்கள். 'நாட் மச்' என்றால் போதும். நேற்றைய விருந்து 'குட் கிராக்' என்றால் கலகலப்பாக இருந்தது என்று பொருள். ஒருவரை 'மைட்டி கிராக்' என்றால், அவர் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர்க்காரர்கள் தலைநிமிர்ந்து தங்கள் சொல் என்று காட்டும் இது, அசலில் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் அரட்டைக்கு வழங்கிய சொல். வடக்கு அயர்லாந்து வழியாக உள்ளே வந்து, ஐரிஷ் எழுத்துக்கூட்டலை மாட்டிக்கொண்டது. 1970களில் ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் 'இசை, பேச்சு, கிராக்' என்ற அழைப்பாக அடிக்கடி ஒலித்துப் பரவி, பிறகு இங்கிலீஷுக்கே புது வேடத்தில் திரும்பி வந்தது.

சரி, மற்ற விசாரிப்புகளும் உண்டு. டப்ளினில் 'ஸ்டோரி, பட்?', கிராமப்புறத்தில் 'ஹவ்ஸ் ஷீ கட்டிங்?', பெல்ஃபாஸ்டில் 'வாட் அபௌட் யீ?'. எதற்கும் உங்கள் உடல்நிலை அறிக்கையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

எதற்கெடுத்தாலும் 'கிராண்ட்' என்கிறார்களே?

கிராண்டாகக் கல்யாணம் பண்ணினார்கள் என்று நாம் சொல்வோமே, அந்த கிராண்டை இங்கே மறந்துவிடுங்கள். இங்கே அது 'பரவாயில்லை', 'சரி', 'ஆகட்டும்', 'போதும்', 'வேண்டாம்' எல்லாமும். காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் 'யூ ஆர் கிராண்ட்'. கடையில் பை வேண்டுமா என்றால் 'ஐம் கிராண்ட்', அதாவது வேண்டாம். நீங்கள் ராப்பகலாக உழைத்து முடித்த அறிக்கையைப் பார்த்து மேலாளர் 'தட்ஸ் கிராண்ட்' என்றால் மனம் உடைய வேண்டாம், துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். இங்கே வலியைச் சொல்வதில் ஒரு கூச்சம் உண்டு, குறிப்பாகக் கிராமத்துப் பெரியவர்களிடம். இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்த ஒரு விவசாயி மூன்று முறை 'ஐம் கிராண்ட்' என்று சொன்னதாகச் செவிலியத் தோழி ஒருவர் சொன்னார். நாலாவது முறை 'ஐம் நாட் த பெஸ்ட்' என்றாராம். தோழி உடனே மருத்துவரைக் கூப்பிட்டார். 'நாட் டூ பேட்' என்றால் நன்றாக இருக்கிறார். 'கிராண்ட்' என்றால் தெரியாது, முகத்தைப் பாருங்கள். 'நாட் த பெஸ்ட்', 'நாட் கிரேட்' என்று சொல்லிவிட்டால் நிலைமை மோசம்.

தேநீருக்கும் இதே கணக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் தேநீர் வேண்டுமா என்பார்கள். 'நோ, ஐம் கிராண்ட்' என்று ஒருமுறை சொல்வது மரியாதை. அவர் மறுபடி கேட்பார், மறுபடி மறுக்கலாம். மூன்றாம் முறை வாங்கிக்கொள்ளுங்கள். 'இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம், எதுக்கு சிரமம்' என்று வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'ஐ வில், யே' என்று சொன்னார், ஆனால் செய்யவே இல்லையே?

செய்ய மாட்டேன் என்றுதான் சொன்னார். 'ஐ வில்' என்று முடித்தால் செய்வார். பின்னால் 'யே' ஒட்டி, குரல் தட்டையாக இறங்கினால் 'ஆமா, செஞ்சு கிழிச்சேன்' என்று பொருள். எழுத்தில் அந்தக் குரல் கேட்காது என்பதால் வாட்ஸாப்பில் ஏமாறுவது சுலபம். நான் சனிக்கிழமை வீடு மாற்ற ஆள் வருவார் என்று காத்திருந்து ஏமாந்திருக்கிறேன்.

'யெர் மேன்' என்றால் என் கணவரா?

இல்லை! 'அந்தாளு' என்று பொருள். பெண்ணாக இருந்தால் 'யெர் வன்'. டிவியில் வருபவர், எதிர் மேசையில் இருப்பவர், வரிசையில் முந்தியவர் யாராகவும் இருக்கலாம். உங்களுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கணவரைக் குறிப்பது வேறு சொல்: 'ஹிம்செல்ஃப்'. 'இஸ் ஹிம்செல்ஃப் அட் ஹோம்?' என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டால் 'உங்க வீட்டுக்காரர் இருக்காரா?' என்கிறார். பெயர் சொல்லாமல் 'அவர்' என்றே நாற்பது வருஷம் ஓட்டிய பாட்டிமார் நமக்கும் உண்டு. 'ஹெர்செல்ஃப்' என்றால் வீட்டம்மா, சில அலுவலகங்களில் மேலாளரம்மா. லேசான கிண்டல் ஒட்டியிருக்கும்.

இந்த இடத்திலேயே இன்னொன்று. ஒரு கூட்டத்தைப் பார்த்து 'யீ' என்பார்கள், டப்ளினில் 'யூஸ்' அல்லது 'யிஸ்'. அது பன்மை, மரியாதை இல்லை. நம் 'நீங்கள்' மாதிரி என்று நினைத்து மேலாளர் ஒருவரிடம் போய் 'யீ' போட்டால், அவர் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். 'லேட்ஸ்', அதாவது பையன்களே, என்று கூப்பிட்டால் பெண்களும் அதில் அடக்கம்.

'கம் ஹியர் டு மீ' என்றார், பக்கத்தில் போனேன், விசித்திரமாகப் பார்த்தார். ஏன்?

எனக்கும் இதே நடந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் ஒருவர் மேசையிலிருந்தபடியே 'கமியர் டு மீ' என்றார். எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். அவர் நாற்காலியை அரை அடி பின்னால் தள்ளிக்கொண்டார். அதன் பொருள் 'இந்தா கேளு', 'இங்க பாரு'. நாம் 'இங்க பாருங்க' என்றால் யாராவது கண்ணை அகல விரித்துப் பார்க்கிறார்களா என்ன?

எதிர்ப்பக்கமும் உண்டு. நீங்கள் ஒரு செய்தி சொல்கிறீர்கள், அவர் 'கோ அவே!' என்கிறார். விரட்டவில்லை. 'அட போப்பா, நிஜமாவா?' என்று வியக்கிறார். கதையைத் தொடருங்கள்.

பையனின் ஆசிரியர் அவனை 'போல்ட்' என்றார். பெருமைப்படலாமா?

வேண்டாம். என் நண்பர் பெருமைப்பட்டுவிட்டார். ஆசிரியருக்கு நன்றி சொல்லி, 'வீட்டிலும் அப்படித்தான், நாங்கள்தான் அப்படி வளர்க்கிறோம்' என்றும் சொல்லிவிட்டு வந்தார். இங்கே குழந்தையை போல்ட் என்றால் அடங்காதவன், சொல்பேச்சுக் கேட்காதவன். நம் ஊரில் 'போல்டான பொண்ணு' என்றால் பாராட்டு. இங்கே அம்மாவுக்கு அழைப்பு வரும்.

பள்ளிச் சங்கதிகளில் இன்னும் சில: 'கிவிங் அவுட்' என்றால் எதையும் விநியோகிப்பது இல்லை, திட்டுவது. 'மேம் வாஸ் கிவிங் அவுட் டு மீ' என்று பிள்ளை வந்தால் வசவு வாங்கியிருக்கிறது. இதுவும் ஐரிஷில் உள்ள சொற்றொடரின் நேர் பெயர்ப்பு. 'மிட்சிங்' என்றால் வகுப்பைக் கட் அடிப்பது. 'ஸ்லாகிங்' என்றால் கலாய்ப்பது. உங்களைக் கலாய்க்க ஆரம்பித்தால் உங்களை நண்பராகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள், முகம் சுளித்தால் அன்றோடு நின்றுவிடும். 'ஈஜிட்' என்றால் மடையன், பெரும்பாலும் பாசத்தோடுதான்.

வீட்டிலும் கடையிலும் உடனே தெரிய வேண்டிய சொற்கள்?

'பிரெஸ்' என்றால் அலமாரி. அச்சகமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. 'ஹாட் பிரெஸ்' என்றால் சுடுநீர்த் தொட்டி இருக்கும் அலமாரி. துணி காய வைக்க இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் கிடையாது. வாடகை வீடு பார்க்கும்போது எங்கே என்று கேளுங்கள். 'யோக்' என்றால் 'அது', பெயர் வாயில் வராத எந்தப் பொருளும். 'மெசேஜஸ்' வாங்கப் போகிறேன் என்று பெரியவர்கள் சொன்னால் மளிகைச் சாமான். 'மினரல்' என்றால் கலர், சோடா. 'ரன்னர்ஸ்' என்றால் ஸ்போர்ட்ஸ் ஷூ. 'ஜாக்ஸ்' என்றால் கழிப்பறை, நேர்காணலுக்குப் போன இடத்தில் கேட்காதீர்கள். 'கார்ட்ஸ்' என்றால் போலீஸ், ஐரிஷில் 'கார்டா'. 'ஹாஃப் டூ' என்றால் நம் இரண்டரை.

உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பொதுப்பெயரே 'டேய்ட்டோ' என்று ஆகிவிட்டது. அது 1954இல் டப்ளினில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். வாட்டர்ஃபோர்டு பக்கம் போனால் 'பிளா' கேளுங்கள், மாவு தூவிய மெத்தென்ற பன். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது.

எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்?

முதலாவது 'ரைடு'. யாரிடமும் 'கேன் யூ கிவ் மீ எ ரைடு?' என்று கேட்டுவிடாதீர்கள். அமெரிக்கப் படங்களில் பார்த்த பழக்கம் இங்கே படுக்கையறைக் கோரிக்கையாகக் கேட்கும். 'லிஃப்ட்' என்று சொல்லுங்கள். இரண்டாவது 'நாக்கர்'. ட்ராவலர்ஸ் எனப்படும் நாடோடிச் சமூகத்தாரை இழிவுபடுத்தும் வசை அது. மற்றவர்கள் வாயில் சகஜமாக வருகிறதே என்று நாமும் சொல்லக் கூடாது. 'களைத்துவிட்டேன்' என்பதற்குச் சொல்லும் 'நாக்கர்ட்' பரவாயில்லை, ஆனாலும் 'ரெக்ட்' என்றால் வம்பே இல்லை. 'ஃபெக்' என்பது பக்கத்துக் கெட்ட வார்த்தையின் சாதுவான தங்கை, பாட்டிமார்களே சொல்வார்கள்.

காலை வணக்கமாக 'டாப் ஆஃப் த மார்னிங்' என்று இங்கே யாரும் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

ஊருக்கு ஊர் மாறுமா?

மிகவும். நாட்டின் அளவுக்கு இது அதிகம்தான். கார்க் நகரில் குரல் பாட்டுப்போல ஏறி இறங்கும், வாக்கியம் 'லைக்' என்றோ 'பாய்' என்றோ முடியும். 'லேங்கர்' என்று யாரையாவது சொன்னால் வசவு. டப்ளினில் பிரமாதமானது எதுவும் 'டெட்லி'. பயந்துவிட வேண்டாம். டப்ளின்காரருக்கு வெளியூர்க்காரர் எல்லாம் 'கல்ச்சி', அவர்களுக்கு டப்ளின்காரர் 'ஜாக்கீன்'. பட்டணத்தான், பட்டிக்காட்டான் சண்டை எங்கும் ஒன்றுதான்.

எனக்குப் பிடித்தது வடக்குப் பேச்சு. எல்லாவற்றுக்கும் முன்னால் 'வீ' சேர்ப்பார்கள், சின்ன என்று பொருள். பெல்ஃபாஸ்ட் கடையில் 'உங்கள் வீ பின் நம்பரை அடியுங்கள், இதோ வீ ரசீது' என்பார்கள். நாலு இலக்கம் எங்கும் நாலு இலக்கம்தானே என்று யோசித்தேன். பிறகுதான் நம் வங்கி ஊழியர் 'இங்க ஒரு சின்ன கையெழுத்து' என்பது ஞாபகம் வந்தது. கையெழுத்து என்றைக்குச் சிறிதானது?

மழையைப் பற்றி எப்படிப் பேச வேண்டும்?

நிறைய. 'ஸ்பிட்டிங்' என்றால் தூறல், 'லேஷிங்' என்றால் கொட்டுகிறது, 'சாஃப்ட் டே' என்றால் கண்ணுக்குத் தெரியாமல் நனைக்கும் சாரல் நாள். பிப்ரவரி பிறந்ததும் எல்லாரும் ஒரே வாக்கியம் சொல்வார்கள்: 'தேர்ஸ் எ கிராண்ட் ஸ்ட்ரெட்ச் இன் த ஈவினிங்ஸ்'. பொழுது நீள்கிறதாம். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டும் ஊரில் அது சாதாரணச் செய்தி இல்லை. ஜூனில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும்.

சாவு வீட்டில் என்ன சொல்வது?

'சாரி ஃபார் யுவர் டிரபிள்.' கையைக் குலுக்கி இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். இது ஐரிஷ் சொற்றொடரின் நேர் வடிவம். 'டிரபிள்' என்பது இங்கே தொந்தரவு இல்லை, துயரம். உடன் வேலை செய்பவரின் தாயார் இறந்தால், அந்த அம்மாவை நீங்கள் பார்த்ததே இல்லை என்றாலும் போவதுதான் முறை. அடக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். குடும்பத்தார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொருவரிடமும் அதே நாலு வார்த்தை. வேறு நயமாக யோசிக்க வேண்டாம். பிறகு தேநீரும் சாண்ட்விச்சும் நீட்டுவார்கள், சாப்பிடலாமா என்று தயங்காதீர்கள். வராமல் போனவரைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

நானும் இப்படிப் பேச வேண்டுமா?

புரிந்துகொள்ள வேண்டும். பேசுவது தானாக வரட்டும். வந்த மூன்றாம் மாதமே 'கிராக்', 'பாய்' என்று ஆரம்பித்தால், மெரினாவில் வெள்ளைக்காரர் 'மச்சி' என்கிற மாதிரி இருக்கும். சிரிப்பார்கள், ஆனால் உங்களோடு சேர்ந்து இல்லை. இரண்டை மட்டும் முதல் நாளே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று 'தேங்க்ஸ் எ மில்லியன்'. இன்னொன்று, பேருந்திலிருந்து இறங்கும்போது ஓட்டுநருக்கு ஒரு 'தேங்க்ஸ்'. டப்ளினில் நடுக்கதவு வழியாக இறங்குபவர்கூட முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்.

ஃபோனை வைக்கும்போது ஏன் அத்தனை 'பை' சொல்கிறார்கள்?

'பை, பை, பைபைபைபை' என்று வேகமும் சன்னமும் கூடிக்கொண்டே போய், ஃபோன் காதிலிருந்து கைக்கு வரும்வரை ஓடும். ஒரே ஒரு 'பை' சொல்லி வைத்தால் கோபித்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம். 'சரி வைக்கட்டுமா, சரி, வச்சிடறேன், ம், சரி சரி' என்று நாம் இழுப்பதை இவர்கள் ஒரே எழுத்தில் இழுக்கிறார்கள். இது எனக்கும் ஒட்டிக்கொண்டது தெரியாமலே இருந்தேன். போன மாதம் ஊருக்குப் பேசி முடித்தபோது அம்மா கேட்டார்: "ஏண்டா இப்படி பறக்குற, பஸ் கிளம்பிடுச்சா?"